பத்துப் பேர் இருக்கிறார்களா?

(மூன்றாமாண்டு, மின்னியல் – மின்னணுவியல் துறை)



பாலிடெக்னிக்கில் சேரும்போது நாமெல்லாம் எதைப் பார்த்துச் சேர்ந்தோம்? பத்தாம் வகுப்பு மார்க், கிடைத்த பிராஞ்ச், ஃபீஸ் எவ்வளவு, பஸ் பாஸ் கிடைக்குமா, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கல்லூரியைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பா மட்டும் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டார். "அங்க நம்மாளுங்க யாராச்சும் இருக்காங்களாடா?" அவர் சாதியைத்தான் கேட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தர ஒரு ஆள், பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாவிட்டால் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இருக்குமா என்றுதான் கேட்டார்.

இதே கேள்வியை அமெரிக்காவில் இருக்கும் யூதக் குடும்பங்கள் ஒரு பெரிய கணக்காகவே போட்டுப் பார்க்கின்றன. அந்த நாட்டு மக்கள்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைப் பேர்தான். எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. மத விதிகளை அப்படியே கடைப்பிடிப்பவர்களும் உண்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரோடு சேர்ந்து சாப்பிட்டால் போதும் என்பவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. இதில் முதல் வகை மாணவன் ஒருவன் கல்லூரி தேடும்போது என்னென்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் நேரம். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அதற்குள் வேலை செய்யக்கூடாது, எழுதக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, காசைத் தொடக்கூடாது. "ஒரு நாள் லீவுதானே, நல்லதுதானே" என்று நமக்குத் தோன்றும். ஆனால் பாஸ்டன் நகரில் டிசம்பர் மாதம் மாலை 4.15 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் 2 முதல் 5 வரை லேப் என்று டைம்டேபிள் போட்டால் அந்த மாணவன் என்ன செய்வான்? ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போக வேண்டும். சனிக்கிழமை தேர்வு என்றால் எழுதவே முடியாது. கல்லூரியில் சேருவதற்காக எழுதும் சாட் தேர்வு வழக்கமாகச் சனிக்கிழமைதான் நடக்கிறது. அதனால் மதக் காரணம் உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக நடத்துகிறார்கள்.

பண்டிகைகள் இன்னொரு தலைவலி. யூதப் புத்தாண்டு, முழு நாள் உபவாசம் இருக்கும் யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றும் செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வருகின்றன. செமஸ்டர் சூடுபிடிக்கும் நேரத்தில் வாரநாட்கள் பல போய்விடும். நமக்காக இருந்தால் அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ், கண்டோனேஷன் ஃபீஸ், எச்.ஓ.டி. ரூம் வாசலில் நிற்பது என்று ஆகியிருக்கும்! நியூயார்க் மாநிலத்தில் இதற்குக் கல்விச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். மத நம்பிக்கைக்காக வராத மாணவனுக்கு விட்டுப்போன தேர்வையும் வேலையையும் பிறகு செய்ய வாய்ப்புத் தர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆனால் சட்டம் இருப்பதும், வாத்தியார் முகம் சுளிக்காமல் இருப்பதும் வேறு வேறு விஷயம். அதனால் ஏற்கெனவே அங்கே படிப்பவர்களிடம் விசாரிப்பார்கள்.

இப்போது நம்ம துறைக்காரர்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பது வேத விதி. மின்சாரம் வந்தபின், சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் கூடாது என்று ஆசாரமான யூதர்கள் வைத்துக்கொண்டார்கள். முன்னாலேயே போட்டு வைத்த விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம், டைமர் வைத்து அது தானாக அணையலாம். கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான். இதற்காகவே 'சபாத் லிஃப்ட்' என்று ஒன்று இருக்கிறது. யாரும் பட்டனை அழுத்த வேண்டாம், அதுபாட்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும்.

பழைய ஹாஸ்டலில் பிரச்சினை இல்லை, இரும்புச் சாவி. இப்போது எல்லா ஹாஸ்டலிலும் அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கிறது, ஆள் நடந்தால் சென்சார் விளக்கு எரிகிறது. நமக்கு வசதி, அவனுக்குச் சிறை! வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்தால் தன் ரூமுக்குள்ளேயே போக முடியாது. யாராவது திறக்கும்வரை குளிரில் வாசலில் நிற்க வேண்டும். சில கல்லூரிகள் கேட்டால் சாதாரணச் சாவி போட்ட அறையையோ, படி ஏற வசதியான கீழ்மாடி அறையையோ தருகின்றன. விண்ணப்பிக்கும் முன்பே இதை எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று 'ஏரூவ்'. ஓய்வுநாளில் பொதுத் தெருவில் எதையும் சுமந்து போகக்கூடாது, சாவி, புத்தகம்கூட. ஆனால் ஒரு பகுதியைச் சுற்றி எல்லை அமைத்துவிட்டால் அதற்குள் சுமக்கலாம் என்பது விதி. அந்த எல்லை பெரும்பாலும் சுவர் இல்லை, தெருவில் இருக்கும் மின்கம்பம், தொலைபேசிக் கம்பங்களும் அவற்றின் மேல் போகும் கம்பியும்தான். இரண்டு கம்பம், மேலே ஒரு கம்பி, அதை ஒரு வாசலாகக் கணக்கு வைக்கிறார்கள். புயலில் கம்பி அறுந்தால் எல்லை போச்சு. ஆகவே வாராவாரம் வெள்ளிக்கு முன் ஒருவர் சுற்றி வந்து பார்க்கிறார். நம்ம லைன்மேன் வேலைதான், மின்சாரம் மட்டும் இல்லை. கல்லூரி இந்த எல்லைக்குள் வருகிறதா, ஹாஸ்டலிலிருந்து ஜெப ஆலயம் நடக்கிற தூரமா என்பதை மேப்பை வைத்துப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி மெஸ்ஸில் சாப்பிடும் நமக்கு அதிகம் விளக்க வேண்டாம். கோஷர் என்பது வெறும் சைவம், அசைவம் போன்றதல்ல. பன்றி கூடாது, விதிப்படி அறுத்த இறைச்சியாக இருக்க வேண்டும், இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. இரண்டுக்கும் பாத்திரமே தனித்தனி. மேற்பார்வைக்கு ஒருவர் இருக்க வேண்டும். பஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் ரொட்டி கூடாது. ஒரு கல்லூரி இதற்கெல்லாம் தனிச் சமையலறை நடத்தினால் செலவு. நடத்தாவிட்டால் அந்த மாணவன் நாலு வருஷம் பழமும் டப்பா உணவும்தான்.

இத்தனைக்கும் மேலே தலைப்பில் உள்ள கேள்வி. சில முக்கியமான ஜெபங்களைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். ஆசாரப் பிரிவினர் பதின்மூன்று வயதான ஆண்களை மட்டும் எண்ணுகிறார்கள், மற்றப் பிரிவுகளில் பெண்களும் கணக்கில் உண்டு. அப்பாவோ அம்மாவோ இறந்துபோன மாணவன் அவர்களுக்காகச் சொல்லும் ஜெபத்துக்கும் அந்தப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் வந்து நின்றால் நடக்காது. ஐயாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில், காலை ஏழு மணிக்குத் தூக்கத்தை விட்டு வரும் பத்துப் பேர் இருக்கிறார்களா? கல்லூரியின் ரேங்க் பட்டியலில் இதற்குப் பதில் கிடைக்காது.

கவனித்தீர்களா, கேட்பது பத்துப் பேர்தான். எல்லாரும் யூதராக இருக்கிற கல்லூரி வேண்டும் என்று எல்லாரும் கேட்பதில்லை. அப்படி முழுக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு நியூயார்க்கில் யெஷிவா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆண்கள் கல்லூரி 1928இல் தொடங்கியது, பெண்களுக்கான ஸ்டெர்ன் கல்லூரி 1954இல். தோராப் படிப்பும் மற்றப் படிப்பும் ஒரே நாளில் நடக்கும், பண்டிகைக்குக் கல்லூரியே மூடிவிடும். அட்டெண்டன்ஸ் கவலை இல்லை. ஆனால் வேறு மாதிரி மனுஷனோடு ரூமில் சேர்ந்து இருக்கும் வாய்ப்பும் குறைவு. என்னைக் கேட்டால் எனக்கு அது ஒத்து வராது.

ஒரு காலத்தில் இந்த எண்ணிக்கை விளையாட்டை எதிர்ப்பக்கம் விளையாடியிருக்கிறார்கள். 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவெல், யூத மாணவர் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டப் பார்த்தார். அப்போது புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். வெளிப்படையான கோட்டாவை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் வேறு வழியில் வந்தது. விண்ணப்பத்தில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, உன் பெயரோ அப்பா பெயரோ மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். பிறகு மார்க்கோடு 'குணநலன்' என்று ஒன்றையும் சேர்த்து எடைபோட்டார்கள். பெயரைக் கேட்டு ஆளை அறிவது நமக்கொன்றும் புதிதில்லையே!

அந்தக் காலத்தில் தையல்காரர், தெருவியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்து வைத்திருந்தது நியூயார்க் சிட்டி காலேஜ். 1847இல் தொடங்கி 1976 வரை அங்கே படிப்புக் கட்டணமே கிடையாது. போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க் அங்கே படித்தவர்தான். அவரும் தன் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை.

1948இல் பாஸ்டனுக்கு அருகே வால்தம் என்ற ஊரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தை யூத சமூகத்தார் தொடங்கினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி பெயரை வைத்தார்கள். தங்களைத் தடுத்தவர்களுக்குப் பதிலாக, எந்த மதத்தாரையும் தடுக்காத கல்லூரி ஒன்றைக் கட்டினார்கள். 1955இல் அங்கே யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு மூவருக்கும் மூன்று ஆலயங்கள் எழுந்தன. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி கட்டினார்களாம்.

தனிக் கல்லூரி கட்டுவது தவிர இன்னொரு வழியும் இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1923இல் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரபி 'ஹில்லல்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பழங்கால யூத ஞானி ஒருவர் பெயர் அது. இருக்கிற கல்லூரிக்குள்ளேயே ஒரு வீடு, வெள்ளி இரவு விருந்து, பண்டிகை, பேச்சுத்துணை. இன்று 800க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் அது செயல்படுகிறது. கல்லூரி தேடும் குடும்பம் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இவ்வளவு பார்த்தும் சிக்கல் வரலாம். 1997இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில ஆசாரமான யூத மாணவர்கள், ஆணும் பெண்ணும் ஒரே கட்டிடத்தில் தங்கும் ஹாஸ்டலில் இருக்க மாட்டோம் என்றார்கள். முதல் இரண்டு வருஷம் ஹாஸ்டல் கட்டாயம் என்றது யேல். வழக்கு நீதிமன்றம் போனது. 1998இலும், மேல்முறையீட்டில் 2000இலும் மாணவர்கள் தோற்றார்கள். பலதரப்பட்டவர்கள் சேர்ந்து வாழ்வதும் படிப்புதான் என்ற யேலின் பேச்சில் நியாயம் இருக்கிறது. அதை நம்ம ஹாஸ்டலில் நானே பார்த்தவன். ஆனால் தங்காத அறைக்கு வாடகை கட்டச் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காசு கட்டும் வலி தெரிந்த வீட்டிலிருந்து வந்தவன் நான்.

'நம்மாளுங்க' என்ற சொல்லுக்குள்ளும் மேல்வரிசை, கீழ்வரிசை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு அமெரிக்கா போக வேண்டாம், பக்கத்திலுள்ள கொச்சி போதும். ஏ.பி. சாலெம் (1882–1967) கொச்சி யூதர். அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சம் என்று சொல்லி அவருடைய மக்களைப் பரதேசி ஜெப ஆலயத்தில் சமமாக உட்கார விடவில்லை. அவர் சென்னைக்கு வந்து பி.ஏ.வும் சட்டமும் படித்தார். அந்தப் பிரிவில் முதல் பட்டதாரி அவர். திரும்பிப் போய் அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். பத்துப் பேர் கூடினால் போதுமா, அந்தப் பத்தில் உன்னையும் ஒருவனாக எண்ணுவார்களா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசா போருக்கும் பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. 2024இல் பல அமெரிக்கக் கல்லூரிகளில் கூடாரம் போட்டுப் போராட்டம் நடந்தது. தங்கள் பிள்ளை தலையில் யூதக் குல்லா போட்டு நடந்தால் பாதுகாப்பா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதே சமயம் அந்தப் போராட்டங்களில் யூத மாணவர்களும் கலந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட மாணவனுக்கோ, மாற்றுக் கருத்தோடு வெள்ளிக்கிழமை மேஜையில் தனக்கு இடம் இருக்குமா என்ற கவலை.

இதற்கெல்லாம் பதிலைக் கல்லூரி அச்சடித்துத் தரும் புத்தகத்தில் தேட முடியாது என்பதால், பல மாணவர்கள் சேருமுன் ஒரு ஓய்வுநாளை அங்கேயே தங்கிப் பார்த்துவிடுகிறார்கள். வெள்ளி மாலை போய், யாராவது சீனியர் அறையில் பாய் போட்டுப் படுத்து, சனி ராத்திரி திரும்புவது. விருந்து முடிந்ததும் எல்லோரும் கலைந்து போகிறார்களா, பாட்டும் பேச்சுமாக உட்கார்ந்திருக்கிறார்களா? புதிதாக வந்தவன் பக்கத்தில் யாராவது வந்து பெயர் கேட்கிறார்களா? மறுநாள் காலை ஒன்பது பேர் நிற்கும்போது, பத்தாவது ஆளைத் தேடி எந்த ரூம் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா?