'ஆபீஸ்ல சொல்லிடுவேன்'னு மிரட்டினால்..? தன்பாலீர்ப்பு இளைஞர்களுக்கு சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

முதல் வேலை. ஆறு மாத புரொபேஷன். ஓஎம்ஆர் பக்கம் ஷேரிங் ரூம். போன் பண்ணும்போதெல்லாம் 'எப்போ பொண்ணு பார்க்கலாம்?' என்று கேட்கும் அம்மா. இதற்கு நடுவே, டேட்டிங் ஆப்பில் மூன்று வாரமாகப் பேசிவரும் ஒருவர் 'சண்டே மீட் பண்ணலாமா?' என்கிறார்.

23 வயதில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் யாருக்கும் படபடப்பாகத்தான் இருக்கும். ஆனால், தன்பாலீர்ப்பாளர் ஒருவருக்கு அந்தப் படபடப்பே வேற மாதிரி. 'அவருக்கு என்னைப் பிடிக்குமா?' என்பதற்கு முன்னாடியே, 'அது உண்மையான ஆள்தானா? ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடுமா?' என்ற கேள்விகள் வந்து நிற்கின்றன.

இந்த பயத்தில் எது தேவையற்றது? எதில் உண்மையாகவே கவனம் வேண்டும்? பார்க்கலாம்.

காதலிப்பது குற்றமா?

இல்லை. 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் விருப்பத்துடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது.

திருமண உரிமை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம், குடும்பத்தாரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணின் வழக்கில், 'குடும்பம் அமைக்க திருமணம் மட்டுமே வழி அல்ல' என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அந்தப் பெண் தான் விரும்பியபடி செல்லவும் அனுமதித்தது.

மிரட்டல் எப்படி வருகிறது?

பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, போலி புரொஃபைல். சீக்கிரமே வீடியோ காலுக்கு அழைத்து, அதை ரெக்கார்டு செய்துவிடுவார்கள். இன்னொன்று, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு வரவழைப்பது. போனால் அங்கே நாலு பேர் நிற்பார்கள். போனைப் பிடுங்கி, யுபிஐ மூலம் பணத்தை எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டிலும் வசனம் ஒன்றுதான்: 'வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அனுப்பிடுவோம்.'

'போலீஸுக்குப் போனா நம்ம மேலயே கேஸ் போடுவாங்க' என்று பாதிக்கப்பட்டவர் நம்புவதுதான் மிரட்டுபவரின் முதலீடு. உண்மை நேர் எதிர். இங்கே குற்றவாளி மிரட்டுபவர்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவின்படி, மிரட்டிப் பணம் பறித்தால் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அனுமதியின்றி அந்தரங்கப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி தனிக் குற்றம்.

தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதிகளே 2022-ல் திருத்தப்பட்டுள்ளன. பால்புதுமையினரை காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது இப்போது எழுதப்பட்ட விதி.

முக்கியமான விஷயம்: ஒருமுறை பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் கூடும். சாட், நம்பர், யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வேலை போகுமா?

இங்கேதான் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

திருநர்களுக்கு வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. அரசுப் பணி என்றால் அரசியலமைப்பே துணை. உத்தரப்பிரதேசத்தில் ஊர்க்காவல் படையில் இருந்த ஒருவர், தன் இணையருடன் இருந்த வீடியோ பரவியதால் நீக்கப்பட்டார். 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது.

ஆனால் தனியார் நிறுவனத்தில் தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பெண்களின் புகாருக்கு மட்டுமே பொருந்தும். புரொபேஷனில் இருப்பவரை அனுப்புவது நிறுவனத்துக்கு இன்னும் எளிது.

அதனால் ஹெச்ஆரிடம் மனம் திறப்பதற்கு முன், நிறுவனத்தின் பாகுபாடு தடுப்புக் கொள்கையை ஒருமுறை படியுங்கள். அதில் 'பாலீர்ப்பு' என்று எழுத்தில் இருக்கிறதா? புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள்? ஜூன் மாதம் வானவில் லோகோ வைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

அப்போ சொல்லணுமா, வேண்டாமா?

சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாலீர்ப்பு ஒருவரின் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சொல்லாமல் இருப்பது பொய்யும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. சொன்ன மறுநாள் சம்பளமும் தங்கும் இடமும் இருக்குமா என்று யோசிப்பது நியாயமான கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கை, பழகுபவரிடம் மறைக்க வேண்டாம். 'புரொபேஷன் முடியுற வரைக்கும் வெளியில சொல்ல முடியாது' என்று நேராகச் சொல்லிவிடலாம். காரணம் தெரியாமல் காத்திருப்பவருக்கு, தன்னை ஒளித்து வைத்திருப்பது போலத்தான் தோன்றும்.

சந்திக்கும் முன்...

* முதல் சந்திப்பு காபி ஷாப், மால் போன்ற பொது இடத்தில் இருக்கட்டும். நம்பிக்கையான ஒரு நண்பருக்கு இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

* நிறுவனத்தின் பெயர், ஐடி கார்டு போட்டோ புரொஃபைலில் வேண்டாம். ஆபீஸ் போனிலும் லேப்டாப்பிலும் டேட்டிங் ஆப் வேண்டவே வேண்டாம்.

* மனச்சோர்வு அதிகமானால் 'டெலி மானஸ்' எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் இலவசம்.

உறவு நிலைத்தால் அடுத்து செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தன்பாலின இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியுள்ளது. வங்கியில் யாராவது மறுத்தால், அந்த அறிவிப்பைக் காட்டிக் கேட்கலாம்.