சுவரில் வரைந்தவனிடம் காட்ட ஒரு தாள் இல்லை

ஏப்ரல் 14 முடிந்து சில நாட்கள்தான் ஆகின்றன. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியின் நுழைவில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வரைந்த அம்பேத்கர் ஓவியம் இன்னும் புதுசாக இருக்கிறது. மூக்குக் கண்ணாடியில் விழும் வெளிச்சம்கூடத் தெரிகிறது. வரைந்தவன் பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு தம்பி. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"சும்மா வரைவேண்ணே. பொழுதுபோக்குதான்."

இதற்கு முன் வரைந்ததைக் காட்டச் சொன்னேன். போன வருடத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. அதற்கு முந்தைய வருடத்துப் படம் கைப்பேசியில் இருந்தது. இடம் போதவில்லை என்று அழித்துவிட்டான். நோட்டில் வரைந்தவையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்றதற்கு, "அப்பா பி.காம். சேரச் சொல்றாருண்ணே" என்றான்.

பி.காம். படிப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேருந்தில் போய்வரும் தூரத்தில், கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருப்பது அவனுக்கும் தெரியவில்லை, அவன் அப்பாவுக்கும் தெரியவில்லை. மகாமகக் குளத்துக்கு எத்தனை முறை போயிருப்பார்கள்!

தமிழ்நாட்டில் ஓவியம், சிற்பம் படிக்க அரசுக் கல்லூரிகள் சிலவே. சென்னை எழும்பூரில் இருக்கும், 1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி, நம் கும்பகோணம் கல்லூரி, மாமல்லபுரத்தில் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. ஆவடிப் பக்கத்துக் கரலப்பாக்கத்தில் பிறந்த பா.இரஞ்சித், எழும்பூர்க் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டுத்தான் சினிமாவுக்கு வந்தார். கவின் கலைக் கல்லூரிகளில் மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தருவதில்லை. உட்கார்ந்து வரைந்து காட்டச் சொல்வார்கள். வடிவமைப்பு, காட்சித் தொடர்பியல் போன்ற படிப்புகளுக்கு, அதுவரை செய்த வேலைகளின் தொகுப்பைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. 'போர்ட்ஃபோலியோ' என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நீங்கள் செய்ததை ஒழுங்காக அடுக்கிய ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

நம் தெருக்களில் இல்லாதது அந்தக் கோப்புதான். கைவேலைக்குப் பஞ்சமே இல்லை. மஞ்சுவிரட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி வண்ணம் அடிப்பவன், கல்யாண வீட்டுக்குத் தெர்மாகோலில் பெயர் வெட்டுபவன், தெருவையே அடைத்துக் கோலம் போடும் பெண், நினைவேந்தல் பேனர் எழுதுபவன் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வசதியான வீட்டில் பிள்ளை கிறுக்கியதைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். நம் வீட்டில் மழைக்கு ஒழுகாத மூலையில் அரிசி மூட்டைதான் முதலில் ஏறும். தாளுக்கு இடம் ஏது?

எனவே இன்றே செய்யக்கூடியவை. எந்தத் தாளையும் எடைக்குப் போடாதீர்கள். பின்பக்கம் தேதியும் இடமும் எழுதுங்கள். சுவர் ஓவியத்தை, வெயில் ஏறும் முன் காலை வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று படமெடுங்கள். ஒரு படத்தில் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள், அளவு தெரியும். எடுத்ததை ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சலுக்காவது அனுப்பி வையுங்கள். பென்சிலில் போட்ட முதல் கோட்டையும், பாதியில் நின்றதையும் தூக்கிப் போட வேண்டாம். கை எப்படி வளர்ந்தது என்பதை அவைதான் காட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நடிகர் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவதை நாம் பெரிய திறமை என்று நினைக்கிறோம். தேர்வில் அது அவ்வளவு உதவாது. எதிரே இருப்பதைப் பார்த்து வரையத் தெரிய வேண்டும். அம்மாவின் கை, நாற்றுக்கட்டு, மதகு, பேருந்து நிலையத்தில் தூங்குபவர், சாய்த்து வைத்த சைக்கிள் என்று தினம் ஒன்று வரையட்டும்.

ஏன் இந்தப் படிப்பு என்று அரைப்பக்கம் எழுதச் சொன்னால், 'சிறுவயது முதலே எனக்கு ஓவியத்தில் ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உள்ளங்கை அளவுப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சாக்பீஸால் எட்டடிச் சுவரில் போட்டுப் பெரிதாக்கியதை எழுதுங்கள். வெள்ளை டிஸ்டெம்பரில் ஸ்டெய்னர் கலந்து தோல் நிறம் வரவழைக்க எத்தனை முறை தோற்றீர்கள் என்பதை எழுதுங்கள்.

பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி பறைக் குழுவில் நான்கு வருடம் அடித்தவள். ஒரு கல்லூரியின் நேர்முகத்தில், "இது உங்க குலத்தொழில்தானே, இதுல என்ன சாதனை?" என்று கேட்டிருக்கிறார்கள். சுண்டுகுச்சி, அடிகுச்சி பிடிப்பதிலிருந்து தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டுவது வரை அரைமணி நேரம் பேசக்கூடியவள், வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்துப் போராடியவர்களும் நாம்தான், அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் நாம்தான். இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். விண்ணப்பத்தில் பறையைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். பெருமைக்காக நாம் திணிப்பதும் சரியல்ல.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவில் வாங்கியதைப் பத்திரப்படுத்துங்கள். சின்னப் பிள்ளைகளை ஜவகர் சிறுவர் மன்ற வகுப்புக்கு அனுப்புங்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு இளநிலை, முதுநிலை உண்டு, எழுத வையுங்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டிவரும், இப்போதே பாருங்கள். எஸ்.சி. என்று குறித்தால் பொதுப் போட்டி வாய்ப்பு போய்விடும் என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். போகாது. பொதுப் போட்டிக்கான 31 விழுக்காடு எல்லோருக்கும் உரியது. நமக்கான 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கான 3, அதற்கு மேல்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

அந்தத் தம்பியின் அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். "படம் வரைஞ்சா சோறு கெடைக்குமா தோழர்?" என்று கேட்டார். கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஓவிய ஆசிரியர், விளம்பரம், அனிமேஷன், சினிமாவில் கலைத்துறை என்று வழிகள் இருக்கின்றன, பி.காம். முடித்தவருக்கும் வேலை வீடு தேடி வருவதில்லை என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் விண்ணப்பம் போடுவது என்று முடிவானது.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, பையன் ஒன்பது படம் வரைந்து வைத்திருந்தான். அதில் நான்கு, கொட்டிலில் கட்டியிருக்கும் ஆடு. தாள் மடங்காமல் இருக்க, வேலை இடத்திலிருந்து ஒரு பிளைவுட் துண்டை அறுத்துக்கொண்டு வந்திருந்தார் அப்பா. அரிசி மூட்டை கீழே இறங்கியிருந்தது.