கோல் காப்பாளர் புள்ளிவிவரங்கள் (பனி வளைதடியாட்டம்)

கோல் காப்பாளர் புள்ளிவிவரங்கள் என்பவை ஐஸ் ஹாக்கி எனப்படும் பனி வளைதடியாட்டத்தில் கோல் காப்பாளரின் திறனை அளவிடப் பயன்படும் எண்கள் ஆகும். இவற்றுள் கோல் சராசரி, தடுப்பு விகிதம் ஆகிய இரண்டும் முதன்மையானவை.

கோல் சராசரி

ஓர் ஆட்டத்தின் வழக்கமான நேரமான 60 நிமிடங்களுக்கு, காப்பாளர் சராசரியாக எத்தனை கோல்களை விட்டுக்கொடுத்தார் என்பதை இது காட்டுகிறது.

கோல் சராசரி = (விட்டுக்கொடுத்த கோல்கள் × 60) ÷ ஆடிய நிமிடங்கள்

1,500 நிமிடங்களில் 60 கோல்கள் விட்டவரின் சராசரி 2.40. கூடுதல் தாக்குதல் வீரரை இறக்குவதற்காகக் காப்பாளர் வெளியே அழைக்கப்பட்டிருக்கும்போது விழும் கோல்களும் அந்த நேரமும் அவர் கணக்கில் சேரா. சமநிலையை முறிக்கும் தனி முயற்சிச் சுற்றில் விழும் கோல்களும் சேர்க்கப்படுவதில்லை.

தடுப்பு விகிதம்

தடுப்பு விகிதம் = தடுத்த முயற்சிகள் ÷ எதிர்கொண்ட கோல் முயற்சிகள்

மேற்கண்ட காப்பாளர் 750 முயற்சிகளை எதிர்கொண்டிருந்தால், 690 ஐத் தடுத்திருப்பார், விகிதம் 0.920. இது .920 என மூன்று இலக்கங்களில் எழுதப்படும். இரப்பர் வட்டு கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, விலகிச் சென்றாலோ, தற்காப்பு வீரர் இடையில் மறித்தாலோ அது கோல் முயற்சியாகக் கொள்ளப்படாது.

இரண்டுக்குமான வேறுபாடு

ஓர் ஆட்டத்தில் ஒருவர் 20 முயற்சிகளில் 2 கோல்களும், மற்றவர் 40 முயற்சிகளில் 3 கோல்களும் விட்டதாகக் கொள்வோம். கோல் சராசரியில் முதலாமவர் (2.00) இரண்டாமவரை (3.00) முந்துகிறார். தடுப்பு விகிதத்திலோ இரண்டாமவரே (.925) முதலாமவரை (.900) விஞ்சுகிறார். வலுவான தற்காப்பு எதிரணியின் முயற்சிகளைக் குறைப்பதால், கோல் சராசரியில் அணியின் பங்கும் கலந்துள்ளது. தடுப்பு விகிதத்திலும் முயற்சிகளின் கடினம் கணக்கிடப்படுவதில்லை. இக்குறையைப் போக்க, வட்டு அடிக்கப்பட்ட தொலைவு, கோணம் முதலியவற்றைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் கோல்களை மதிப்பிடும் முறைகள் அண்மைக் காலத்தில் பயன்படுகின்றன.

ஆட்ட விதிகளும் எண்களை மாற்றும். தேசிய ஹாக்கி லீக்கில் 1928–29 பருவத்தில் மொண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 0.92 என்ற சராசரியைப் பெற்றார். முன்னோக்கி வட்டைக் கடத்தும் விதி அடுத்த பருவத்தில் தளர்த்தப்பட்டதும், அவருடைய சராசரி 2 ஐத் தாண்டியது.

பிற அளவீடுகள்

வெற்றி, தோல்வி: வெற்றியை முடிவு செய்த கோல் விழுந்தபோது களத்தில் நின்ற காப்பாளருக்கு உரியவை. லீக்கில் மார்ட்டின் புரோடரின் 691 வெற்றிகளே மிக அதிகம்.

கோலற்ற ஆட்டம்: முழு ஆட்டத்தையும் ஒருவரே ஆடி, ஒரு கோலும் விடாதிருத்தல். இரு காப்பாளர்கள் பகிர்ந்து ஆடினால் இது அணியின் கணக்கில் மட்டும் சேரும். இதிலும் புரோடரே 125 ஆட்டங்களுடன் முதலிடத்தில் உள்ளார்.

விருதுகள்

மிகக் குறைந்த கோல்களை விட்ட அணியின் காப்பாளருக்கே முன்பு வெசினா கோப்பை வழங்கப்பட்டது. 1981–82 பருவத்திலிருந்து அது பொது மேலாளர்களின் வாக்கெடுப்பால் சிறந்த காப்பாளருக்கு வழங்கப்படுகிறது. பழைய அளவுகோலுக்கு அதே பருவத்தில் வில்லியம் எம். ஜென்னிங்ஸ் கோப்பை தனியே ஏற்படுத்தப்பட்டது.