மின்வழங்கி இரைச்சல்

மின்வழங்கி இரைச்சல் என்பது மின்வழங்கி தரும் நேர்மின்னழுத்தத்தில் கலந்துவரும் தேவையற்ற ஏற்ற இறக்கங்கள் ஆகும். விளக்கு, மின்னோடி போன்றவற்றை இது பெரிதும் பாதிப்பதில்லை. ஆனால் மிகச்சிறிய குறிப்பலைகளைத் தரும் உணரிகளில் அளவீட்டையே பிழையாக்கக்கூடியது.

தோற்றம்

இந்தியாவில் மாறுமின்னோட்டத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் ஆகும். முழு அலைதிருத்தி இதை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் குற்றலை எஞ்சுகிறது. கைபேசி மின்னேற்றி போன்ற நிலைமாற்று வகை மின்வழங்கிகள் பல்லாயிரம் ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இரைச்சலை உண்டாக்குகின்றன. ஒரே கருவியை இரு இடங்களில் புவியுடன் இணைத்தால் உருவாகும் வளையமும் இரைச்சலை ஏற்கும்.

குறைக்கும் முறைகள்

* வடிப்பி: 100 ஓம் மின்தடையும் 100 மைக்ரோபாரட் மின்தேக்கியும் சேர்ந்த வடிப்பி, 100 ஹெர்ட்ஸ் குற்றலையை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைக்கும். 1 மில்லிஆம்பியர் எடுக்கும் உணரிக்கு இதில் 0.1 வோல்ட் மட்டுமே இழப்பாகும். 100 மில்லிஆம்பியர் எடுக்கும் சுற்றில் இழப்பு 10 வோல்ட் ஆகிவிடுவதால் அங்கு மின்தூண்டி பயன்படுகிறது.
* நேரியல் மின்னழுத்தச் சீராக்கி: குறைந்த அலைவெண் குற்றலையை நன்கு அடக்கும். உயர் அலைவெண்ணில் இதன் திறன் குறையும்.
* ஒற்றைப் புள்ளிப் புவி இணைப்பு: புவி வளையத்தைத் தவிர்க்கும்.
* சராசரி எடுத்தல்: 20 மில்லிநொடி சராசரியில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நீங்கும். மெதுவாக மாறும் வெப்பநிலை அளவீட்டிற்கு இது ஏற்றது.
* மின்கலம்: மின்கம்பி வழி வரும் இரைச்சலை முற்றிலும் துண்டிக்கும்.

கல்பாக்கத்தில்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. 1971இல் தொடங்கப்பட்ட இம்மையம், ஸ்குவிட் எனப்படும் மீக்கடத்திக் காந்தப்புல உணரிகளை உருவாக்கி, மூளை, இதயம் ஆகியவற்றின் காந்தப்புலத்தைப் பதியும் அமைப்புகளை நிறுவியுள்ளது. இவ்வுணரிகள் திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வின் வெப்பநிலையில் இயங்குபவை.

மூளையின் காந்தப்புலம் சுமார் 100 பெம்டோடெஸ்லா ஆகும். புவியின் காந்தப்புலம் இதைப்போல் ஏறத்தாழ 40 கோடி மடங்கு வலிமையானது. மேலும், மூளையின் குறிப்பலைகள் பெரும்பாலும் 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அவற்றின் நடுவிலேயே விழுகிறது. அதைப் பின்னர் வடித்தால் அந்த அலைவெண்ணில் உள்ள மூளைக் குறிப்பலையும் அழியும். 20 மில்லிநொடி சராசரியும் விரைவான குறிப்பலைகளை மழுங்கச் செய்யும். ஆகவே இரைச்சல் உணரியை அடையாமல் தடுப்பதே முதன்மையான வழியாகும். இதற்காகப் பதிவு காந்தக் காப்பறைக்குள் நடைபெறுகிறது. எனினும் காப்பறை வெளிப்புலத்தை மட்டுமே தடுக்கும். உள்ளே செல்லும் மின்கம்பிகளின் இரைச்சலைத் தனியே வடிக்க வேண்டும்.

முக்கியத்துவம்

மூளைக் காந்தப்புலப் பதிவு, காக்காய் வலிப்பு மூளையின் எப்பகுதியில் தோன்றுகிறது என்பதை அறிய உதவுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் இவ்விடத்தைத் துல்லியமாக அறிதல் இன்றியமையாதது. பதிவில் கலக்கும் இரைச்சல், கணிக்கப்படும் இடத்தையே மாற்றிவிடக்கூடும்.