பதக்கத்தின் பின்புறம்

எங்கள் ஊரில் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் பெயர். பட்டாளத்தார் என்னுடைய தாத்தா. அவர் போய்ச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. வட ஆற்காட்டுக் கிராமங்களில் தெருவுக்கு ஒன்றாவது இப்படி ஒரு வீடு இருக்கும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. கணக்கு மட்டும்தான், பேர் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். ஏறத்தாழ 87,000 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் ஒருவர் தாத்தா. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்: "பர்மாவுல ஜப்பான்காரனைச் சுட்டவரு." எந்த ஊரில், எந்த வருஷம், எந்தப் படையில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அத்தையின் தகர ட்ரங்குப் பெட்டியில் மூன்று பதக்கங்கள் இருந்தன. இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், பித்தளை நிறம். ஒன்று வட்டமாக, வெள்ளி போல இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அத்தை அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைப்பார். வட்டமானதை ஒரு பஞ்ச காலத்தில் ஆயா அடகுக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்து, "இது வெள்ளி இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அது. வெள்ளியாக இருந்திருந்தால் அன்றைக்கே உருகியிருக்கும். முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் அசல் வெள்ளி. அப்படி உருகிப்போனவை உண்டு.

இப்படிப் பதக்கம் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தந்த நட்சத்திரங்களில் பேர் பொறிக்கவில்லை. இந்திய ராணுவத்தாருக்குத் தந்தவற்றில் பொறித்தார்கள். நட்சத்திரத்துக்குப் பின்புறத்தில், வட்டப் பதக்கத்துக்கு விளிம்பில். படையெண், பதவி, பேர், படைப்பிரிவு. ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க இவ்வளவு போதும். எங்கள் வீட்டு நட்சத்திரங்களில் பாதி எழுத்துகளைப் புளி தின்றுவிட்டது. வட்டப் பதக்கத்தை இருட்டு அறையில் வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நிழல் விழுந்து எழுத்து மேலே வந்தது. ஏழெட்டு இலக்க எண். அதையடுத்து எஸ்.பி.ஆர். பிறகு தாத்தாவின் பேர். கடைசியில் மெட்ராஸ் எஸ். அண்ட் எம்.

எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். எஸ். அண்ட் எம். என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படை. ராணுவத்தில் இன்றைக்கும் அவர்களுக்குத் 'தம்பி' என்று செல்லப் பேர். தாத்தா பாலம் கட்டியவர், ரோடு போட்டவர், கண்ணிவெடி தோண்டியவர்.

அத்தையிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்ப சண்டை போடலையாடா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த ஒரு வருஷம் போயிற்று. பதக்கத்துக்கு அது தெரியாது. கருநீலத்தின் நடுவில் சிவப்பு, இருபுறமும் ஆரஞ்சுக் கோடு போட்ட ரிப்பன் இருந்தால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் இடையில் அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது. துப்பாக்கி பிடித்தவருக்கும் அதேதான், சமையல்காரருக்கும் அதேதான். மணல் நிற ரிப்பன் ஆப்பிரிக்கா ஸ்டாருடையது. இந்திய வரைபடம் பொறித்த வட்டப் பதக்கம் இந்தியா சர்வீஸ் மெடல். போர்முனைக்குப் போகாமல் இந்தியாவிலேயே மூன்று வருஷம் சேவை செய்தவர்களுக்குத் தந்தது. உங்கள் வீட்டில் இது இருந்து நட்சத்திரம் எதுவும் இல்லையென்றால், 'பர்மா சண்டை'க் கதையைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் விசாரிக்க வேண்டும்.

சாப்பர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். 1944 டிசம்பரில் காலேவா என்ற இடத்தில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். அந்த வகைப் பாலங்களில் அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது அதுதான். பர்மாவில் முன்னேறிய 14வது படையின் லாரிகள் அதன் வழியாக அக்கரை போயின. அதே வருஷம் இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊரில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார் ஒரு மெட்ராஸ் சாப்பர். சுபேதார் சுப்ரமணியன், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். உயிர் போன பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. இதையெல்லாம் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ரோடு போட்டவன் சண்டை போடவில்லை என்று இனி என் எதிரில் யாரும் சொல்லக் கூடாது.

எங்கே தேடுவது என்று பலர் கேட்கிறார்கள். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஓடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்தியச் சிப்பாயின் தனிப்பட்ட சேவைத் தாள் அங்கே கிடையாது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளும் வீரப் பதக்கப் பரிந்துரைகளும் இருக்கின்றன. நாட்குறிப்பில் அதிகாரிகளுக்குத்தான் பேர், ஜவான்கள் எண்ணிக்கையாகவே வருவார்கள். ஆனாலும் எந்தத் தேதியில் எந்த ஆற்றங்கரையில் கம்பெனி நின்றது என்று தெரியும். சிப்பாயின் தாளை இங்கேதான் தேட வேண்டும். சாப்பர் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். கையில் படையெண் இருக்க வேண்டும். ஒரு அலுவலகத்தில் பேரை மட்டும் சொல்லி மூன்று முறை அலைந்தேன். பேரை நம்பவே முடியாது. அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரு முனுசாமி ஒரு தாளில் முனிசாமி, இன்னொன்றில் முனிஸ்வாமி. எண் மாறாது. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தமிழக அரசு தரும் உதவித்தொகைக்கு உங்கள் வீட்டார் மனுப் போட்டிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு மிகப் பெரிய புதையல் அந்த ட்ரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழேயே கிடந்தது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, உயரம், நடத்தை. அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. படித்துக்கொண்டே போனேன். அத்தையின் கை தானாகத் தன் இடது புருவத்துக்குப் போயிற்று. "சின்ன வயசுல கமலைக் கயிறு அறுந்து அடிச்சது. அது எப்படிடா வெள்ளைக்காரனுக்குத் தெரியும்?" அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

தேடலில் ஒரு கிளை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இறந்த இந்தியர்கள் பலருக்கு அதில் இன்னார் மகன், இன்ன ஊர் என்று குறிப்பு இருக்கிறது. பழைய இங்கிலீஷ் எழுத்தில்தான் தேட வேண்டும். திருநெல்வேலி அங்கே டின்னவெல்லி, தஞ்சாவூர் டாஞ்சூர். வட ஆற்காடு என்று தேடியபோது எங்கள் தாலுகாவிலேயே, தாத்தாவின் படையிலேயே மூன்று பேர் கிடைத்தார்கள். மூவர் பேரும் மியான்மரின் டாக்யானில், ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. கல்லறை எதுவென்று தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களோடு.

தாளில் அச்செடுத்துக்கொண்டு அந்த மூவரில் ஒருவருடைய ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தகப்பனார் பேரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், போனவருடைய தம்பி மகன். சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் காத்திருந்து காத்திருந்தே செத்துப்போனார்கள் என்றார். தாளை வாங்கி, பேர் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துக் கேட்டார்:

"அந்தக் கல்லு வெயில்ல கெடக்குதா தம்பி, நெழல்லயா?"

"தூண்ல வெட்டியிருக்காங்க ஐயா. மேல கூரை இருக்கு."