முழு சிக்னல்... ஆமை வேகம்!

"அண்ணா, அவங்க குரல் விட்டு விட்டுக் கேட்குது!" என்று பின்னறையிலிருந்து கத்தினாள் தங்கை. ஆன்லைன் இன்டர்வியூவின் முதல் சுற்று அது. ஓடிப் போய்ப் பார்த்தேன். டாஸ்க் பாரில் வை-பி அடையாளம் முழுமையாக இருந்தது. ஆனால் எதிரில் பேசுபவரின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது. எப்படியோ அந்தச் சுற்றைத் தாண்டிவிட்டாள். அடுத்த சுற்று சனிக்கிழமை. வீட்டில் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர் இருந்தும் மறுபடி இப்படி நடந்தால் மானம் போய்விடும் அல்லவா?

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர் ஹாலில், டிவி பக்கத்தில். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அந்தச் சுவரை ஒட்டி அம்மாவின் ஸ்டீல் பீரோ. வை-பி சிக்னலுக்கு இரும்புத் தகட்டை விடப் பெரிய எதிரி கிடையாது. "பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்றேன். "குபேர மூலையில இருக்கு, அதைத் தொடாத" என்றார் அம்மா. பேச்சு முடிந்தது.

எனவே யு.எஸ்.பி. அடாப்டர்களைச் சோதிப்பதில் இறங்கினேன். கையில் மூன்று இருந்தன. நகத்தளவு நானோ அடாப்டர் ஒன்று. அது போதவில்லை என்று பிறகு வாங்கிய, நீண்ட ஆன்டெனா வைத்த அடாப்டர் ஒன்று (இன்டர்வியூவில் காலை வாரியது இதுதான்). இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். மூன்றாவது நண்பனிடம் இரவல் வாங்கியது. 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும் டூயல் பேண்ட் வகை.

சிக்னலை அளக்கத் தனி சாப்ட்வேர் தேவையில்லை. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நெட்எஸ்எச், டபிள்யுலேன், ஷோ, இன்டர்பேசஸ் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு டைப் செய்து என்டர் தட்டவும். புதிய விண்டோஸ் 11 என்றால் லொகேஷன் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். சிக்னல் சதவீதத்தில் கிடைக்கும். மைக்ரோசாப்ட் கணக்குப்படி 100 சதவீதம் என்பது மைனஸ் 50 டி.பி.எம்., 0 என்பது மைனஸ் 100. அதாவது இரண்டு சதவீதத்துக்கு ஒரு டி.பி. ஆறு சதவீதம் குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். பார்க்கச் சிறிய இறக்கம். உண்மையில் பெரிய இழப்பு.

வேகத்தை அளக்க இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட்டை நம்பவில்லை. அதில் வெளி இணைப்பின் ஏற்ற இறக்கமும் கலந்துவிடும். லேப்டாப்பை ரவுட்டரின் கிகாபிட் போர்ட்டில் கேபிள் மூலம் இணைத்து, இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஐபெர்ப்3 என்ற இலவச புரோகிராமை ஓட்டினேன்.

சி.பி.யு.வின் பின்புறம் நானோவைச் செருகியபோது சிக்னல் 52 சதவீதம், வேகம் 9 மெகாபிட். முன்பக்க போர்ட்டுக்கு மாற்றியதும் 66 சதவீதம், 21 மெகாபிட். கேபினட்டின் இரும்பு உடல் அவ்வளவு மறைக்கிறது.

அடுத்தது ஆன்டெனா அடாப்டர். பின்புறத்திலேயே 84 சதவீதம் காட்டியது. வேகம்? வெறும் 12 மெகாபிட்! இரவு முழுக்க டிரைவரை மாற்றி மாற்றி இன்ஸ்டால் செய்தேன். பயனில்லை. காலையில் தற்செயலாக, பக்கத்து நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் இருந்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். வேகம் 38-க்குத் தாவியது. சிக்னல் அதே 84.

காரணம் இதுதான். யு.எஸ்.பி. 3.0 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கசிய விடும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரவுட்டர் பேசுவது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத்தான் டாஸ்க் பார் கோடுகள் காட்டுகின்றன. பக்கத்தில் மேளம் அடிக்கிறார்களா என்பது அதில் தெரியாது. இன்டர்வியூ அன்று அந்த டிஸ்க்கில் போட்டோக்கள் காப்பி ஆகிக்கொண்டிருந்தன. காப்பி போட்டவன் நான்தான். தங்கையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பிறகு மூன்று மீட்டர் யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, அடாப்டரை பீரோவின் உச்சியில் வைத்தேன். நகத்தளவு நானோ 86 சதவீதம், 40 மெகாபிட். ஆன்டெனா அடாப்டர் 96 சதவீதம், 44 மெகாபிட். ஆன்டெனாவுக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு நான்கு மெகாபிட்!

டூயல் பேண்ட் அடாப்டர் கதை வேறு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் அதிகம் தேய்ந்துபோகும். பீரோ உச்சியிலும் 64 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் வேகம் 170 மெகாபிட். அகலமான சேனல், இரண்டு டேட்டா ஓடைகள், பக்கத்து வீட்டுக்காரர்களின் தொல்லை குறைவு. இரவு எட்டு மணிக்குத் தெருவே வீடியோ பார்க்கும் நேரத்தில் நானோ 15-க்கு இறங்கியது, இது அசையவில்லை. யு.எஸ்.பி. 2.0 கேபிள் இதன் வேகத்தைக் கெடுக்காதா என்று கேட்கலாம். அந்தக் கேபிளின் உச்ச வரம்பு 480 மெகாபிட். 100 மெகாபிட் இன்டர்நெட் வைத்திருப்பவருக்கு அது தாராளம். இரைச்சலும் மிச்சம்.

அட்டைப்பெட்டி எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 என்று போட்டிருந்தால் 2.4-ல் 150, 5-ல் 433 இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய கணக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். அதிலும் பாதிதான் கைக்கு வரும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் யோசிக்காமல் டூயல் பேண்ட் வாங்கலாம். தனி வீடு என்றால் முதலில் கேபிள் வாங்கிப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். வீடியோ காலுக்கு நான்கைந்து மெகாபிட் தடையில்லாமல் வந்தாலே போதும்.

சனிக்கிழமை காலை பழைய நானோவே பீரோ மேல் உட்கார்ந்தது. நாற்பது நிமிட இன்டர்வியூ ஒரு முறைகூட உறையவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அம்மா தூசி தட்டும்போதெல்லாம் அடாப்டரை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிடுவதால், இப்போது டபுள் சைடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.