பேருந்தின் பின் இருக்கை

பேஸ்பால் விதிகள் நமக்கு முழுதும் விளங்குவதில்லை. எனினும், 1950இல் வெளிவந்த ‘தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை அண்மையில் கண்டோம். கறுப்பின ஆட்டக்காரரான ராபின்சன் தம் வேடத்தைத் தாமே ஏற்றிருக்கிறார்.

படத்தினும் நம் நெஞ்சை உறுத்துவது அவருடைய 1946ஆம் ஆண்டுப் பயணம். மணமாகி ஒரு திங்களும் ஆகாத நிலையில், பயிற்சிக்காகப் புளோரிடா புறப்பட்ட தம்பதியரை விமானத்தினின்று இருமுறை இறக்கிவிட்டனர். பேருந்திலோ பின் இருக்கைக்கு அனுப்பினர். ராபின்சன் பொறுத்துக்கொண்டார். சண்டை மூண்டால், தமக்குப் பின் வருவோர்க்கும் கதவு அடைபடும் அன்றோ!

1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணியில் களமிறங்கினார். அவர் அணிந்த 42 என்னும் எண்ணை இனிப் புதிதாக எவர்க்கும் வழங்குவதில்லை என 1997இல் அறிவித்தனர். பார்வை மாற ஐம்பது ஆண்டுகள்! ராபின்சனோ 1972இலேயே மறைந்துவிட்டார். அன்று பேருந்தில் உடனிருந்த துணைவியார் ரேச்சல் அம்மையாரே அவ்விழாவில் நின்றார்.